கழற்றிப் பூட்டக்கூடிய கழுத்து

புலம்பெயர்ந்த நாடுகளில் நம் பிள்ளைகள் கற்கும் வாத்தியங்களுள் கிற்றாரும் ஒன்று. புதியது வாங்க வசதியற்ற பெற்றோர் பழைய பொருட்சந்தையில் ஒன்றைத் தேடி வாங்கிக் கொடுக்கின்றனர். சில நாட்களில் பிள்ளையின் விரல் நுனிகள் சிவந்துவிடுகின்றன. தந்தியை அழுத்த முடியவில்லை என்று வாத்தியம் மூலையில் சாத்தப்படுகிறது. பிள்ளைக்கு ஆர்வமில்லை என நாம் முடிவு கட்டிவிடுகிறோம். பல வேளைகளில் குறை பிள்ளையிடம் இல்லை. கிற்றாரின் கழுத்தில் இருக்கிறது.

உருக்குத் தந்திகள் ஆறையும் சுருதி கூட்டினால், அவை எழுபது கிலோ எடைக்கு மேற்பட்ட விசையுடன் கழுத்தை இழுக்கின்றன. ஆண்டுக்கணக்கில் இதைத் தாங்கும் மெல்லிய பெட்டி சிறிது சிறிதாக உருக்குலைகிறது. கழுத்து முன்சாய்கிறது, தந்திகள் விரற்பலகையை விட்டு உயர்கின்றன. 12ஆம் மெட்டில் தடித்த தந்திக்குக் கீழே இரண்டரை மில்லிமீற்றர் இடைவெளி போதுமானது. அது நான்கு மில்லிமீற்றரானால் வளர்ந்தவர்களுக்கே கை நோகும்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கழுத்து நேராக இருக்கும் நிலையில், நீண்ட அளவுகோல் ஒன்றை மெட்டுகளின் மேல் கிடத்துங்கள். அதன் முனை குதிரையின் மேற்புறத்தை ஒட்டி நிற்க வேண்டும். குதிரையின் பக்கத்தில் கீழே முட்டினால், கழுத்தைக் கழற்றிச் சாய்வைத் திருத்துவதே வழி.

ஆனால் கழற்றுவதுதான் கடினம். பழைய முறைப்படி, கழுத்தின் அடிப்பகுதியான குதி, புறாவின் வால்போல விரிந்த முனையாகச் செதுக்கப்பட்டு, பெட்டியினுள் உள்ள அதே வடிவக் குழியில் இறக்கிப் பசையிடப்பட்டிருக்கும். இது தச்சர்களின் மூட்டு. வீணையிலும் ஒரே மரத்தில் குடைந்தெடுத்ததும் உண்டு, ஒட்டு வீணையும் உண்டு என்பதை நாம் அறிவோம்.

திருகாணியால் கழுத்தைப் பிடித்து வைப்பது இன்றைய மலிவு வேலை என எண்ணுவோர் உளர். வரலாறு வேறு விதமாகக் கூறுகிறது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வியன்னாவில் யோகான் கேயோர்க் ஸ்டவ்பர் என்ற கைவினைஞர், கடிகாரச் சாவி போன்ற ஒன்றைத் திருகிக் கழுத்தின் சாய்வை மாற்றும் கிற்றார்களைச் செய்தார். அவரிடம் பணியாற்றியவர் 1796இல் சக்சனி நாட்டின் மார்க்நொய்கேர்சன் ஊரில் பிறந்த கிறிஸ்ரியன் பிரெட்றிக் மாட்டின். அவரது ஊரில் கிற்றார் செய்யும் உரிமை தமக்கே உரியது என வயலின் செய்வோர் சங்கம் வழக்காடியது; மாட்டின் குடும்பமோ தச்சர் சங்கத்தைச் சார்ந்தது. 1833இல் அவர் நியூயோர்க்குக்குக் குடிபெயர்ந்தார். அங்கே அவர் செய்த ஆரம்பகாலக் கிற்றார்கள் பலவற்றில் அந்தச் சாவித் திருகு இருந்தது. ஆக, திருகும் கழுத்து ஒரு புலம்பெயர்ந்தவரின் கைத்திறனோடு அத்திலாந்திக்கைக் கடந்தது. பின்னர் அவரது பட்டறை புறாவால் மூட்டையே நிலையாகக் கைக்கொண்டது. 1974இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ரெயிலர் நிறுவனம் திருகாணிக் கழுத்தை மீண்டும் பெருவழக்காக்கியது.

பசைக் கழுத்தைத் திருகாணிக் கழுத்தாக மாற்றுவது எப்படி? முதலில் பெட்டியின் மேல் நீண்டிருக்கும் விரற்பலகையைச் சூடேற்றி, மெல்லிய கத்தியால் விடுவிப்பர். பின் மூட்டின் மேலுள்ள மெட்டொன்றைக் கழற்றி, அவ்விடத்தில் சிறு துளையிட்டு நீராவி செலுத்திப் பசையை இளக்குவர். மலிவான கிற்றார்கள் சில எப்பொக்சிப் பசையால் ஒட்டப்பட்டவை. அவை நீராவிக்கு அசையமாட்டா. அத்தகையவற்றில் கழுத்தை மெல்லிய வாளால் பெட்டியோரத்தில் அறுத்தெடுப்பதே வழி. மாற்றம் பெரிதும் பயன்படுவது இங்கேதான். அறுத்த முனை குழியினுள்ளேயே நிற்க, குதியின் முகம் தட்டையாக்கப்படும். பெட்டியினுள்ளிருந்து இரண்டு திருகாணிகள் அதைப் பற்றும்.

ஒரு நுணுக்கம் உண்டு. திருகாணி மரநார் ஓடும் திசையிலேயே நுழைவதால் பிடிப்புக் குறையும், நாளடைவில் பெயர்ந்துவிடும். எனவே குதியினுள் வன்மர உருளை ஒன்றைக் குறுக்காகச் செருகி ஒட்டி, பித்தளைப் புரிகள் அதில் பதியும்படி அமைப்பர்.

இனிச் சாய்வுக் கணக்கு. 12ஆம் மெட்டில் தந்தி 1.2 மில்லிமீற்றர் தாழ வேண்டுமானால், குதிரையின் இடத்தில் அதன் இருமடங்கான 2.4 மில்லிமீற்றர் மாற்றம் வேண்டும். குதியின் உயரம் 90, கழுத்து மூட்டிலிருந்து குதிரைவரை 290 மில்லிமீற்றர் எனக் கொண்டால், குதியின் அடியில் சீவ வேண்டியது ஏறக்குறைய முக்கால் மில்லிமீற்றர் மட்டுமே. மேல்நோக்கி வரவர அது ஒன்றுமில்லாமல் தேய வேண்டும். அந்த மெல்லிய சீவல்தான் பிள்ளையின் விரல் நோவுக்கும் இசைக்கும் இடையே நின்றது.

ஓர் எச்சரிக்கை. பழமையும் மதிப்பும் வாய்ந்த கிற்றார்களில் இம்மாற்றத்தைச் செய்தல் ஆகாது; அவற்றின் மூல மூட்டே அவற்றின் பெறுமதி. திருகாணி மூட்டில் நாதம் குறையும் என வாதிடுவோரும் உளர். ஆயினும் உயர்ந்த விலைக் கிற்றார்களைச் செய்வோர் பலர் இன்று இம்மூட்டையே நம்புகின்றனர். பொருத்தும் முகங்கள் இடைவெளியின்றி இணைவதே முக்கியம்.

மலிவான கிற்றாரின் கழுத்தை நீராவியால் கழற்றித் திருத்தும் கூலி, பல வேளைகளில் அதன் விலையையே விஞ்சிவிடும். அதனாலேயே அவை குப்பைக்குப் போகின்றன. ஒருமுறை திருகாணிக்கு மாற்றிவிட்டால், அடுத்த முறை கழற்றிச் சீவிப் பூட்டுவது ஒருநாள் வேலை. மூலையில் கிடக்கும் கிற்றாரை எறியுமுன், பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன், அளவுகோலை ஒருமுறை அதன்மேல் வைத்துப் பாருங்கள்.