விடியக்காலைக் கணக்கு

டீயைக் குடிங்க தம்பி, ஆறிப்போயிரும். தானாவே ரிப்போர்ட் எடுக்கறது பத்தி நீங்க கேட்டது நம்ம குறிச்சி சிட்கோ பட்டறைகள்ல தினமும் தேவைப்படறதுதான். பில்லும் சரக்கிருப்பும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல இருக்குது. நேத்தைய கணக்கு காலையில 6 மணிக்கு முதலாளி கையில இருக்கணும். குவெரிகளை ஒரு ஃபைல்ல எழுதி, அதை ஓட்டற ஷெல் ஸ்கிரிப்டை, குறிச்ச நேரத்துல வேலையை ஓட்டிவிடற கிரான்கிட்ட ஒப்படைச்சிருங்க. 1970கள்லயே யூனிக்ஸுக்கு வந்துட்ட ஏற்பாடு அது.

நேரத்துல கவனம் வேணும். வாடகை சர்வர் பெரும்பாலும் யூடிசிங்கற உலகப் பொது நேரத்துல ஓடும். நம்மளவிட ஐந்தரை மணி நேரம் பின்னால. அங்க 6ன்னு எழுதினா இங்க பகல் 11.30க்குத்தான் வரும். 0 மணி 30 நிமிஷம்னு எழுதோணும். அது மட்டும் பத்தாது. யூடிசியில புது நாள் பொறக்கறதே நமக்கு விடியக்காலை 5.30க்கு. ராத்திரி ஷிப்ட்ல 2 மணிக்குப் போட்ட பில் முந்தின நாள் கணக்குல போய் விழுந்துரும். அதனால குவெரிக்குள்ளயும் இந்திய நேரத்தைச் சொல்லிருங்க.

கையால ஓட்டினா ஓடற ஸ்கிரிப்ட் கிரான்ல ஓடாமப் போகலாம். நீங்க லாகின் பண்ணும்போது வர்ற செட்டிங் எதுவும் அதுக்குத் தெரியாது. குவெரி ஃபைலை போஸ்ட்கிரெஸ்ல ஓட்டற பிஎஸ்க்யூஎல் எங்க இருக்குதுன்னு முழுப் பாதையும் எழுதுங்க. பாஸ்வேர்டு ஸ்கிரிப்ட்ல வேண்டாம். பிஜிபாஸ் ஃபைல்ல வெச்சு, அனுமதியை 600 ஆக்கிருங்க. இல்லீன்னா அந்த ஃபைலை பிஎஸ்க்யூஎல் ஏறெடுத்தும் பார்க்காது.

அடுத்தது, நடுவுல தப்பு நடந்தா என்ன ஆகும்ங்கறது. நம்ம போத்தனூர்ல ரயில்வே சிக்னல் பட்டறை இருக்குதில்லீங்களா? பழைய கை சிக்னல்ல கம்பி அறுந்தா, கை தானாவே ஆபத்து நிலைக்குப் போயிரும். பிஎஸ்க்யூஎல்லோட வழக்கம் நேர் எதிர். ஃபைல்ல பழைய வரிகளை அழிக்கற டிலீட் நடந்துரும், அடுத்த இன்சர்ட் எர்ரர் ஆகும். அது பாட்டுக்கு மேல ஓடி, முடிவுல 0ன்னு சொல்லிரும். 0ன்னா வெற்றின்னு அர்த்தம். ஆன் எரர் ஸ்டாப்பை 1 ஆக்கினா அங்கயே நின்னு 3ன்னு சொல்லும். கூடவே எல்லாத்தையும் ஒரே டிரான்சாக்ஷனா ஓட்டுங்க, தப்பு வந்தா அழிச்ச வரிகளும் திரும்பிரும். ரிப்போர்ட்டைத் தற்காலிக ஃபைல்ல எழுதி, 0 வந்தா மட்டும் பேர் மாத்துங்க. வேற எண் வந்தா உங்களுக்கு மெயில் போகட்டும்.

சர்வரே படுத்துட்டா அந்த மெயிலும் வராது. அதனால வேலை நல்லா முடிஞ்ச நாள்லயும் ஒரு வரி அனுப்பச் சொல்லுங்க. 6.15க்குள்ள அது வரலீன்னா வேறொரு மெஷின் உங்களைக் கூப்பிடட்டும்.