ஈயக்குண்டு

(இளங்கலை வேதியியல், மூன்றாம் ஆண்டு)

நம் புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டுக்குப் போகாத மாணவர் யாரும் இருக்க முடியாது. அங்கே பாத்திரக் கடையில் ரசம் வைக்க ஈயச் சொம்பு கேட்பார்கள். மீன் பகுதியில் வந்து குவியும் மீன்களைப் பிடித்த வலைகளின் அடிக்கயிற்றில் ஈயக்குண்டு கோத்திருக்கும். துப்பாக்கித் தோட்டாவின் முனையில் இருப்பதையும் ஈயக்குண்டு என்றே சொல்கிறோம். பெயர் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றுதானா? வேதியியல் மாணவன் என்ற முறையில் இதைச் சற்று விளக்க விரும்புகிறேன்.

இரண்டு ஈயங்கள்

சொம்பு செய்வது வெள்ளீயத்தால். இதன் உருகுநிலை 232 டிகிரி செல்சியஸ். ரசமில்லாமல் அடுப்பில் வைத்தால் சொம்பு உருகிவிடும் என்பது நம் தாய்மார்கள் அறிந்த பாடம். வலைக்குண்டும் துப்பாக்கிக் குண்டும் காரீயத்தால் ஆனவை. இதன் உருகுநிலை 327 டிகிரி. நீரைவிடப் பதினோரு மடங்குக்கு மேல் கனமானது. சிறிய அளவில் பெரிய எடை, எளிதில் உருகும் தன்மை, அச்சில் ஊற்றினால் அதன் வடிவைப் பெறும் குணம் ஆகிய இம்மூன்றும் சேர்ந்தே காரீயத்தை மீனவருக்கும் படைவீரருக்கும் பொதுச் சொத்தாக்கின.

குண்டு வளர்ந்த கதை

மார்க்கெட்டின் தெற்கே உள்ள வீதிக்குப் பெயர் தந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டதைக் கண்டவர். 1760-61 முற்றுகை முடியும் தறுவாயில், 1761 ஜனவரியில் மறைந்தார். அக்காலப் படைவீரனின் துப்பாக்கி, மருந்தையும் ஈய உருண்டையையும் குழல் வாய்வழியே இட்டுக் கெட்டிப்பது. அதற்கு மென்மையான காரீயமே போதுமானதாக இருந்தது.

1782இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரைச் சேர்ந்த வில்லியம் வாட்ஸ், உருகிய ஈயத்தைச் சல்லடை வழியாக உயரத்திலிருந்து விழச் செய்து ரவைகள் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். விழும் துளியைப் பரப்பு இழுவிசை உருண்டையாக்குகிறது. மழைத்துளிக்கும் அதே விதிதான்!

1884இல் பிரான்சின் பால் வியெய் புகையில்லா வெடிமருந்தைக் கண்டறிந்ததும் நிலைமை மாறியது. குண்டின் வேகம் பெருகவே, மென்மையான ஈயம் குழலின் உள்வரிகளில் வழித்துக்கொண்டு ஒட்டியது. ஆகவே குண்டுக்குச் செம்பு போன்ற கடின உலோகத்தால் உறை போட்டார்கள். கல்கத்தா அருகே டம்டம் தொழிற்சாலையில், முனையில் மட்டும் உறையை நீக்கி ஈயம் தெரியும்படி செய்த குண்டு, உடலில் பாய்ந்ததும் மலர்ந்து கொடுங்காயம் விளைவித்தது. 1899இல் ஹேக் மாநாடு இத்தகைய குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதைத் தடைசெய்தது.

கைத்துப்பாக்கியும் வார்ப்புக் குண்டும்

அமெரிக்கா போன்ற நாடுகளில் இலக்குச் சுடும் பொழுதுபோக்கினர், சுட்டபின் எஞ்சும் பித்தளைக் கூடுகளைச் சேகரித்து, தாமே குண்டு வார்த்து மீண்டும் தோட்டாவாக்குவதுண்டு. செலவு குறைவு என்பதே முதற்காரணம். ஆனால் பாதித் தானியங்கிக் கைத்துப்பாக்கிக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. சுடும்போது எழும் எதிர்விசையே அதன் மேற்பகுதியைப் பின்தள்ளி, காலிக் கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை உள்ளே செலுத்துகிறது. அவ்வாறு நுழையும் தோட்டா ஒரு சரிவில் மோதி ஏறவேண்டும். குண்டு மென்மையாக இருந்தால் அதன் முனை நசுங்கி வழியில் சிக்கிக்கொள்ளும்.

ஆகவே காரீயத்துடன் வெள்ளீயமும் ஆன்டிமனியும் சேர்க்கிறார்கள். வெள்ளீயம் கலவையை அச்சின் மூலைமுடுக்கெல்லாம் நிரம்பச் செய்கிறது. ஆன்டிமனி கடினத்தைத் தருகிறது. குழலில் ஈயம் படியாதிருக்கத் தேன்மெழுகு கலந்த பூச்சும் உண்டு. வியப்பு என்னவென்றால், அச்சகங்களில் லினோடைப் எழுத்து வார்த்ததும் இதே மூன்று உலோகங்களால்தான்! ஏறத்தாழ 84 விழுக்காடு காரீயம், 12 ஆன்டிமனி, 4 வெள்ளீயம். அறிவைப் பரப்பிய எழுத்தும் உயிரைப் பறிக்கும் குண்டும் ஒரே கலவையின் இரு பிள்ளைகள் எனலாம். நம் நாட்டில் உரிமமின்றித் தோட்டா செய்வது 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி குற்றம்.

வார்ப்பவருக்கே முதற்காயம்

குண்டு வார்ப்பவர் சுடாமலேயே காயப்படலாம். உருகிய காரீயத்தின் மேல் படியும் ஆடையும் தூசும் கைவழியாகவும் மூச்சுவழியாகவும் உடலுள் புகும். அது எலும்பில் பல ஆண்டுகள் தங்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தீங்கற்ற அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூடிய சுடுகளங்களில் தோட்டாவைப் பற்றவைக்கும் ஈயச் சேர்மத்தின் புகையும் இதே தீமை செய்வது. இந்தியா 2000இல் பெட்ரோலில் ஈயம் கலப்பதைக் கைவிட்டதும் இந்த அச்சத்தாலேயே.

துப்பாக்கியைத் தொடாத நமக்கும் இதில் பங்கு உண்டு. வெள்ளீயச் சொம்பில் மலிவுக்காகக் காரீயம் கலந்திருந்தால், புளியின் அமிலம் அதைக் கரைத்து ரசத்தில் சேர்த்துவிடும். கலப்படத்தைக் கண்ணால் மட்டும் கண்டுபிடிக்க இயலாது. தாளில் தேய்த்தால் கருங்கோடு விழுவது காரீயத்தின் குணம். ஆயினும் ஐயமற அறிய ஆய்வுக்கூடச் சோதனையே வழி. எனவே தூய்மைக்குச் சான்று தரும் கடைக்காரரிடமே வாங்குங்கள்.

மீனவக் குடும்பத்திலிருந்து வரும் நண்பர்களுக்கும் ஒரு சொல். வலைக்குண்டு உருக்குவதானால் சமையலறையில் வேண்டாம். சமைக்கும் பாத்திரத்திலும் வேண்டாம். காற்றோட்டமான வெளியிடத்தில், குழந்தைகளை விலக்கிவைத்துச் செய்யுங்கள். சோப்பிட்டுக் கைகழுவிய பின்னரே சோற்றில் கைவையுங்கள். படித்த வேதியியல் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போனால்தான் அது கல்வி.