கரண்ட் போனாலும் மறக்காத சிப்: ஒரு வெள்ளைப் பொடியின் கதை

சித்திரைத் திருவிழாவுக்காக வீரபாண்டிக்குப் போயிருந்தேன். கல்வி உதவித்தொகை கேட்டு அக்கா மகள் இரண்டு பக்கக் கடிதம் டைப் செய்து கொண்டிருந்தாள். கரண்ட் போய்விட்டது. யூ.பி.எஸ். கிடையாது, சேவ் செய்யவும் இல்லை. "மாமா, நான் டைப் பண்ணினது எங்கே போச்சு?" என்றாள்.

அந்தக் கடிதம் இருந்தது ராம் மெமரியில். அங்கே ஒவ்வொரு பிட்டும் துளி மின்னூட்டமாக நிற்கிறது. ஓட்டைக் குடத்துத் தண்ணீர் போல அது கசிந்துகொண்டே இருப்பதால், பொதுவாக 64 மில்லி செகண்டுக்குள் மறுபடி நிரப்பியாக வேண்டும். கரண்ட் போனால் நிரப்ப ஆளில்லை. ஹார்ட் டிஸ்க்கில் எழுதப்படுவதோ காந்தப் படலத்தில், அது மறப்பதில்லை.

கணக்குப் போடும் சிப்பே காந்தமாகவும் இருந்தால்? இந்த ஆசையில் மாட்டியதுதான் துத்தநாக ஆக்சைடு. ஆம், காலமைன் லோஷனில் இருக்கும் அதே வெள்ளைப் பொடி! இதை மெல்லிய படலமாகக் கண்ணாடி மேல் படியவைத்தால் ஒளி ஊடுருவும். புற ஊதாக் கதிரை மட்டும் விழுங்கிவிடும். சிலிக்கான் போல இதுவும் குறைகடத்தி. காந்தத்தன்மைதான் இல்லை. மாங்கனீஸ் கலந்தால் அறை வெப்பநிலையிலேயே அதுவும் வரலாம் என்று 2000-ல் டீட்ல் குழுவினர் கணக்கிட்டார்கள். 2003-ல் ஸ்டாக்ஹோம் ஆய்வாளர்கள் வந்துவிட்டது என்றார்கள்.

2005-ல் பெங்களூரு ஜவகர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையத்தின் சி.என்.ஆர். ராவும் தீபக்கும் மாங்கனீஸ், கோபால்ட் இரண்டையும் கலந்து பார்த்து, அப்படிக் காந்தம் ஏதுமில்லை என்று எழுதினார்கள். அதே ஆண்டு ஐ.பி.எம். விஞ்ஞானிகள் ஹாஃப்னியம் ஆக்சைடு என்ற வேறொரு படலத்தைச் சோதித்தார்கள். ஸ்டீல் இடுக்கியால் பிடித்த துண்டில் மட்டும் காந்தம் தெரிந்தது. இடுக்கியின் இரும்பு ஒட்டியிருக்கிறது! புரோகிராமில் பிழை தேடி ராத்திரி விழிக்கும் எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

2006-ல் அதே பெங்களூரு மையத்தில் சுந்தரேசனும் ராவும் இன்னொரு முடிச்சு போட்டார்கள். எதுவுமே கலக்காத துத்தநாக ஆக்சைடின் நானோ துகள்கள்கூட லேசான காந்தம் காட்டின. மேற்பரப்பில் ஆக்சிஜன் விடுபட்ட இடங்கள் காரணமாகலாம் என்றார்கள். அப்படியானால் மாங்கனீஸின் பங்கு என்ன? வாதம் தீரவில்லை.

ஒளி விஷயத்தில் பொடி ஏமாற்றவில்லை. அலுமினியம் கலந்த படலம் ஒளியையும் விடும், மின்சாரத்தையும் கடத்தும். சோலார் செல்களில் பயன்படுகிறது. இண்டியம், காலியம் சேர்ந்த அதன் உறவுக்காரப் படலம் சில மானிட்டர்களுக்குள் டிரான்சிஸ்டராகவே வேலை செய்கிறது.

கரண்ட் வந்ததும் அவள் கடிதத்தை முதலிலிருந்து டைப் செய்தாள். இந்த முறை பத்திக்கு ஒரு கண்ட்ரோல் + எஸ்.