வாளைப் பிரிந்த அணிகள்

1876-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 28-ந் தேதி ஜப்பானிய அரசாங்கம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. ராணுவத்தார், போலீஸார் முதலிய சிலரைத் தவிர வேறு எவரும் இடுப்பில் வாளுடன் வெளியே வரலாகாது என்பதே அது. தலைமுறை தலைமுறையாக இரண்டு வாள்கள் தரித்து வந்த ஸாமுராய் வகுப்பாருக்கு அது மானப் பிரச்னை. வாளுக்கு அணி செய்து பிழைத்து வந்த கம்மியர்களுக்கோ அது வயிற்றுப் பிரச்னை!

அதன் பின் எத்தனையோ அணிகள் வாளிலிருந்து கழன்று விலைக்குப் போயின. கடல் கடந்தும் சென்றன. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துப் பொருட்காட்சிசாலையில் அத்தகைய பெருந்தொகுதி ஒன்று இருக்கிறது. வாளைப் பிரிந்து தனியே கிடக்கும் ஓர் அணி எந்தக் காலத்தது, யார் கை வேலை என்று அறிவது எப்படி?

முதலில் உறுப்புக்களைத் தெரிந்துகொள்வோம். அலகுக்கும் கைப்பிடிக்கும் நடுவே கையைக் காக்கும் தட்டுக்கு 'ட்சூபா' என்று பெயர். பிடியின் இரு முனைகளிலும் உள்ள பூண்கள் 'புச்சி', 'காஷிரா'. பிடியில் சுற்றிய நாடாவுக்கு அடியில் பதிந்திருக்கும் சிறு உருவங்கள் 'மெனுகி'. உறையின் பக்கத்தில் செருகும் சிறு கத்தியின் பிடி 'கோஸுகா'. தலைமயிரைச் சீர்செய்யும் ஊசி போன்றது 'கோகாய்'.

இனி ஒரு ட்சூபாவைக் கையில் எடுப்போம். நடுவில் ஆப்பு வடிவான துவாரம் அலகின் அடிப்பாகம் நுழைவதற்கு. அதன் ஓரங்களில் செப்புத் துண்டு வைத்து இறுக்கியிருந்தால், தட்டை ஓர் அலகுக்குப் பொருத்தியவரின் கைவேலை அது. வெவ்வேறு வாள்களில் ஏறி இறங்கிய தட்டுக்களில் இதை அடிக்கடி காணலாம். பக்கங்களில் உள்ள துவாரங்கள் கோஸுகாவுக்கும் கோகாய்க்கும் வழி விடுபவை. அவை சித்திரத்தின் நடுவே குறுக்கிட்டு அதைச் சிதைத்திருந்தால், பிற்காலத்தில் வெட்டியவை என்று ஊகிக்கலாம்.

அடுத்தது உலோகம். இரும்பு ஒரு வகை. செம்பில் சிறிது பொன் சேர்த்துக் கருநீல வர்ணம் ஏற்றிய 'ஷாகுடோ' மற்றொன்று. செம்பும் வெள்ளியும் கலந்த சாம்பல் நிறத்து 'ஷிபுயிச்சி' இன்னொன்று.

பிறகு பரம்பரை. ஷோகன் அஷிகாகா யோஷிமாஸாவிடம் பணி செய்த கோட்டோ யூஜோ (1440-1512) தொடங்கிய குடும்பம் சுமார் 400 வருஷ காலம் ஆளுவோருக்கு வேலை செய்தது. ஷாகுடோவில் மீன்முட்டை போன்ற நுண்ணிய மணிகளைப் பரப்பி, மேலே பொன்னால் டிராகனும் சிங்கமும் எழுப்புவது அவர்கள் வழி. எடோ நகரத்து யோகோயா ஸோமின் (1670-1733) அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விலகி, தூரிகைக் கோடு போலவே உளியால் செதுக்கினார்.

அப்படியானால் பொறித்த பெயரைப் பார்த்தால் போதாதா? போதாது! கோட்டோ முன்னோர் தங்கள் வேலையில் பெயர் பொறிப்பது வழக்கமில்லை. பின்னோர் ஆராய்ந்து, 'இது இன்னார் செய்தது' என்று பொறித்ததும் உண்டு. ஸோமின் போன்ற புகழ்பெற்றவர்களின் பெயரைப் பொய்யாகப் பொறித்தவர்களோ அநேகர். ஆகவே நிபுணர்கள் வேலையைப் பார்த்த பிறகே பெயரை நம்புகிறார்கள். அழுக்கென்று எண்ணித் தேய்த்துப் பளபளப்பாக்குவது பெரும் பிழை. இரும்பின் பழைய கருமையும் ஷாகுடோவின் வர்ணமும் போனால் சாட்சியமே போய்விடும்.

கோட்டோ மரபின் கடைசிப் பெருங்கலைஞரான இச்சிஜோ, உத்தரவு பிறந்த அதே 1876-ல் காலமானார். முன்பே புதிய நாணயங்களுக்குச் சித்திரம் செதுக்கியிருந்த கானோ நட்ஸுவோ (1828-1898) பின்னர் டோக்கியோ நுண்கலைப் பள்ளியில் ஆசிரியரானார். மற்றவர்கள் பூச்சாடிகளும் பெட்டிகளும் செய்யலாயினர்.

1945-ல் யுத்தம் முடிந்ததும் அந்நியப் படையினர் வாள்களைப் பறிமுதல் செய்தபோது மறுபடியும் ஆபத்து வந்தது. 1948-ல் ஜப்பானியர் கலை வாள்களைப் பாதுகாக்க ஒரு சங்கம் கண்டனர். அச் சங்கம் அலகுகளை மட்டுமின்றி அணிகளையும் சோதித்து நற்சாட்சிப் பத்திரம் அளித்து வருகிறது. ஓர் உத்தரவினால் பிழைப்பை இழந்த கம்மியரின் பெயர்கள் இவ்வாறு ஒவ்வொன்றாக மீண்டு வருகின்றன.