புளிப்பும் மின்சாரமும்

காடிக்குப் புளிப்பைத் தருவது அஸெடிக் அமிலம் என்னும் வஸ்து. அதை நீர்க்கலப்பே இல்லாமல் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி, இரண்டு கரித்தண்டுகளை நிறுத்தி மின்சாரம் செலுத்துவதாக வைத்துக்கொள்வோம். மின்னோட்டத்தைக் காட்டும் கருவியின் முள் அசைவதே இல்லை எனலாம். வாலையில் வடித்த சுத்த நீரிலும் அப்படியே. ஆனால் இவ்விரண்டையும் கலந்தவுடன் முள் நகர்கிறது! தனித்தனியே வழி மறிப்பவை, சேர்ந்ததும் வழி விடுவானேன்?

இதற்கு விடை கண்டவர் ஸ்வீடன் தேசத்து ஸ்வாந்தே அரீனியஸ். 1884-ல், தமது 25-வது வயதில், உப்ஸாலா சர்வகலாசாலையில் கரைசல்களின் மின்கடத்தலைப் பற்றிய ஆராய்ச்சியை அவர் சமர்ப்பித்தார். பரீட்சகர்கள் அதற்குத் தாழ்ந்த மதிப்பே அளித்தனர். அவர் மனம் தளரவில்லை. 1887-ல் தம் கொள்கையைத் தெளிவாக வெளியிட்டார். மின்சாரம் செலுத்துவதற்கு முன்பே, நீரில் கரைந்த மாத்திரத்தில், அமிலம் மின்னேற்றம் பெற்ற துகள்களாகப் பிரிந்துவிடுகிறது என்றார். அத்துகள்களே அயனிகள், மின்சாரத்தைச் சுமப்பவை அவையே.

“ஹைட்ரோகுளோரிக் அமிலம் பிரிவது மெய்யானால் குளோரின் வாயு நெடியடிக்க வேண்டாமா?” என்று கேட்கத் தோன்றும். மின்னேற்றம் பெற்ற குளோரின் அயனி வேறு, விஷவாயுவான குளோரின் வேறு. முதலாவது சாதாரண உப்புநீரில் இருப்பதுதான்!

ஆனால் எல்லா அமிலங்களும் ஒரே அளவில் பிரிவதில்லை. ஒரு லிட்டர் கரைசலில் 6 கிராம் அஸெடிக் அமிலம் இருந்தால், அதன் ஆயிரம் மூலக்கூறுகளில் பிரிபவை சுமார் 13 மட்டுமே. ஹைட்ரோகுளோரிக் அமிலமோ அனேகமாக முழுவதுமே பிரிந்துவிடும். அமிலத்தின் வலிமை என்று ரசாயன நூலார் கூறுவது இதைத்தான். காடிக் கரைசலில் நூறு மடங்கு நீர் சேர்த்தால், ஆயிரத்தில் சுமார் 125 பிரியும். நீர் பெருகப் பெருகப் பிரிவும் பெருகுகிறது.

அமிலத்திலிருந்து பிரியும் ஹைட்ரஜன் அயனி தனியே திரிவதில்லை; நீர் மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும். கட்டட வேலையில் செங்கல்லைக் கைமாற்றுவதுபோல, ஒரு மூலக்கூறு அடுத்ததற்கு அதன் மின்னேற்றத்தைக் கைமாற்றிவிடுகிறது. அதனால் சோடியம் அயனியைப்போல் ஏறக்குறைய ஏழு மடங்கு வேகத்தில் அது செல்கிறது.

1903-ல் அரீனியஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. வலிய அமிலங்களும் ஓரளவே பிரிகின்றன என்று அவர் எண்ணியிருந்தார். அவை முழுவதுமே பிரிகின்றன என்னும் கொள்கையை 1918-ல் விரிவாக நாட்ட முயன்றவர், ஆசாரியர் பிரபுல்ல சந்திர ரேயின் மாணாக்கரான நம் நாட்டு ஞான சந்திர கோஷ். அவருடைய கணக்கு நிலைக்கவில்லை. 1923-ல் டிபையும் ஹ்யூக்கலும் வேறு கணக்கு வகுத்தனர். ஆனால் அடிப்படைக் கருத்து நிலைத்துவிட்டது.

ஒன்றை மட்டும் மறக்கலாகாது. வலிமை குன்றிய அமிலம் என்றால் தீங்கற்றது என்று பொருளன்று. முள்ளை அசைக்காத அந்தச் சுத்த அஸெடிக் அமிலம், கையில் பட்டால் தோலைப் புண்ணாக்கிவிடும்!