வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது யார்?

அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலுக்கு முன், கட்சியின் வேட்பாளர் யார் என்பதற்கே மாநிலந்தோறும் வாக்கெடுப்பு நடக்கிறது. முன்பு அந்த வாக்குகளுக்கு மதிப்புக் குறைவு. 1968-ல் ஹ்யூபர்ட் ஹம்ப்ரி எந்த மாநில வாக்கெடுப்பிலும் போட்டியிடாமலே, கட்சிப் பெரியவர்களின் ஆதரவில் ஜனநாயகக் கட்சி வேட்பாளரானார். எதிர்ப்பு வலுக்கவே விதிகள் திருத்தப்பட்டு, 1972 முதல் வாக்காளர் கை ஓங்கியது. 1984-ல் கட்சிப் பிரமுகர்களுக்கு மாநாட்டில் தனி வாக்குரிமை தந்தார்கள்; 2016-ல் எழுந்த சர்ச்சைக்குப் பின், போட்டியுள்ள மாநாட்டின் முதல் சுற்றில் அதை நிறுத்தினார்கள்.

ஆனாலும் குறை தீரவில்லை. வாக்கெடுப்பு குளிர்காலத்தில் தொடங்கி ஜூன் வரை நீள்கிறது. ஆரம்பத்தில் தோற்றவர்கள் விலகிவிட, கடைசி மாநிலத்தாருக்கு எஞ்சுவது பெரும்பாலும் ஒரே பெயர். வண்டி நிரம்பிய பிறகு வழி ஸ்டேஷனில் நிற்கும் பயணியின் கதைதான்: டிக்கெட் உண்டு, இடம் இல்லை. மாநிலங்களின் வரிசையைத் தேர்தலுக்குத் தேர்தல் மாற்றி அமைத்தால், எல்லோருக்கும் ஒருமுறையாவது இடம் கிடைக்கும் என்பது என் எண்ணம்.