பிரசவ அறையின் காவல்காரி

கைக்குழந்தை தூங்கும் அறையில் எந்தத் தெய்வத்தின் படத்தை மாட்டுவீர்கள்? சிரித்த முகம், கருணை பொழியும் கண்கள், கையில் ஒரு பூ - இப்படி ஒரு படத்தைத்தானே தேடுவீர்கள்? மூவாயிரத்தைந்நூறு வருஷங்களுக்கு முன் நைல் நதிக்கரையில் வாழ்ந்த எகிப்தியப் பெண்கள் வீட்டில் வைத்திருந்த தெய்வத்தைப் பார்த்தால் திடுக்கிட்டுப் போவீர்கள்!

நீர்யானையின் தலை, சிங்கத்தின் கால்கள், முதுகு நெடுக முதலையின் வால், திறந்த வாயில் வரிசையாகப் பற்கள். ஆனால் இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். வயிறு, நிறைமாதக் கர்ப்பிணியின் வயிறு. மார்பு, பிள்ளைகளுக்குப் பால் கொடுத்துத் தளர்ந்த தாயின் மார்பு. இவள்தான் தாவெரெத். எகிப்தியர் பாஷையில் இதற்குப் 'பெரியவள்' என்று அர்த்தம்.

இப்படி ஓர் உருவம் ஏன்? அந்த நாளில் நைல் நதியில் நீர்யானைகள் ஏராளம். படகைக் கவிழ்க்கும், பயிரை மிதித்துத் துவம்சம் செய்யும். ஆண் நீர்யானையைத் தீமையின் உருவமாகவே கருதினார்கள். அரசன் அதை ஈட்டியால் குத்துவது போன்ற சித்திரங்கள் உண்டு. ஆனால் குட்டியோடு நிற்கும் தாய் நீர்யானையின் கதையே வேறு. அதன் அருகில் போக முதலைகூட யோசிக்கும்! ஊரே அஞ்சும் அந்தத் தாய் நம் பக்கம் நின்றால் அப்புறம் நமக்கு என்ன பயம்?

பயப்படக் காரணம் இருந்தது. பிரசவம் பெண்ணுக்கு மறுபிறவி என்கிறோமே, அந்தக் காலத்தில் அது வெறும் பேச்சல்ல. 1922-ல் கண்டுபிடிக்கப்பட்ட துட்டன்காமன் மன்னனின் கல்லறையை எடுத்துக்கொள்ளுங்கள். தங்க முகமூடி, தங்கப் பெட்டி என்று குவிந்து கிடந்த செல்வத்தின் நடுவே இரண்டு சின்னஞ்சிறு சவப்பெட்டிகளும் இருந்தன. உள்ளே, உலகத்தைப் பார்க்காமலே போய்விட்ட இரண்டு பெண் சிசுக்கள். அரண்மனையிலேயே இப்படி என்றால் குடிசைகளின் கதி என்ன?

அதனால்தான் தாவெரெத் கையில் எதைப் பிடித்திருக்கிறாள் என்று கவனிக்க வேண்டும். பெரும்பாலும் அவள் முன்கால்கள் ஒரு சின்னத்தின் மேல் ஊன்றியிருக்கும். நாணற்பாயைச் சுருட்டிக் கட்டியது போன்ற வடிவம். எகிப்தியரின் சித்திர எழுத்தில் அதை 'சா' என்று படிப்பார்கள். காப்பு என்று பொருள். சில உருவங்களில் கத்தி இருக்கும். கண்ணுக்குத் தெரியாமல் வரும் கெட்ட சக்திகளை விரட்டத்தான்!

நீர்யானைத் தந்தத்தைச் செதுக்கி, வளைந்த மந்திரக்கோல்களும் செய்தார்கள். தாவெரெத் போன்ற நீர்யானைத் தேவதையின் உருவம் அவற்றில் கத்தியும் கையுமாக நிற்கும். சிலவற்றில் தாயின் பெயரும் குழந்தையின் பெயரும்கூடப் பொறித்திருக்கிறார்கள். அவள் உருவத்திலேயே பால் பாத்திரங்களும் உண்டு. மார்பில் உள்ள துவாரத்தின் வழியாகப் பால் வரும்.

பெரிய கோயில்களைக் காட்டிலும் வீடுகளில்தான் தாவெரெத் அதிகமாக வாசம் செய்தாள். அதற்கு ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

கி.மு. 1350-ஐ ஒட்டி ஆண்டவன் ஆக்னாத்தன். சூரிய வட்டமாகிய ஆத்தன் ஒன்றே தெய்வம் என்று சாதித்தவன். மற்றத் தெய்வங்களை ஒதுக்கினான். அமுன் என்னும் பெருந்தெய்வத்தின் பெயரைக் கல்லிலிருந்தே செதுக்கி எடுக்கச் செய்தான். ஆத்தனுக்காகப் புதிதாகத் தலைநகர் ஒன்றையும் கட்டினான். இன்று அந்த இடத்துக்கு அமர்னா என்று பெயர்.

1920-களில் அங்கே அகழ்ந்தவர்கள், சாதாரண வீடு ஒன்றில் மாடிப்படியின் அடியில் ஒரு சிறு கற்பலகையைக் கண்டெடுத்தார்கள். அதில் என்ன செதுக்கியிருந்தது தெரியுமா? ஒரு பெண்ணும் ஒரு குழந்தையும் கும்பிட்டபடி நிற்கிறார்கள். எதிரே, அதே தாவெரெத்! பக்கத்தில் பொம்மைக் கட்டில்கள் இரண்டும், உடைந்த பெண் பொம்மை ஒன்றும் கிடந்தன.

அரசன் ஆணை ஊரெல்லாம் செல்லும். மாடிப்படிக்கு அடியில், பிள்ளையைப் பெற்றவளின் கவலைக்கு முன்னால், அது செல்லவில்லை. அவள் யார், அவளுக்கு என்ன ஆபத்து நேர்ந்தது, அந்தக் குழந்தை பிழைத்து வளர்ந்ததா? கல் அதையெல்லாம் சொல்லவில்லை. அவள் வேண்டிக்கொண்டாள் என்பதை மட்டும் சொல்கிறது.

உள்ளங்கையில் அடங்கும் நீல நிறத் தாவெரெத் பொம்மைகள் இன்று உலகத்து மியூசியங்கள் பலவற்றில் இருக்கின்றன. பருத்த வயிற்றையும் திறந்த வாயையும் பார்த்தால் முதலில் சிரிப்புத்தான் வரும். ஆனால் நள்ளிரவில் குழந்தைக்கு உடம்பு அனலாகக் கொதிக்கும்போது, அதை மார்போடு அணைத்துக்கொண்டு, "யார் வந்தாலும் விடமாட்டேன்" என்று உட்கார்ந்திருக்கும் தாயின் முகத்தை நினைத்துப் பாருங்கள். அந்த முகத்தில் அழகா தெரியும்? தாவெரெத்தின் முகமும் அந்த முகந்தான்.